தங்கவயலில் பேரம்

மாரிக்குப்பத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. சென்னை–பெங்களூர் பாதையிலிருந்து பங்காரப்பேட்டையில் பிரிந்து, கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று சின்னச் சின்ன நிலையங்களில் நின்று வருகிற கிளைப்பாதை இது. நீளம் பதினாறு கிலோமீட்டர் இருக்கும். 1894-இல் போட்டார்கள். அன்று இயந்திரமும் கரியும் உள்ளே வரவும் தங்கம் வெளியே போகவும் இந்தப் பாதை வேண்டியிருந்தது. இன்று வெளியே போவது ஆட்கள். விடியுமுன் டிபன் டப்பாவோடு ஏறி, பெங்களூரில் இறங்கி, இருட்டிய பிறகு திரும்பி வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பாட்டன் பூமிக்குள் இறங்கினான். பேரன் தொண்ணூறு கிலோமீட்டர் போல ரயிலில் போய் யாரோ ஒருவருடைய கட்டடத்தைக் காவல் காக்கிறான். கொஞ்சம் படித்தவனாக இருந்தால் கணினி முன் உட்காருகிறான்.

சந்தை பார்க்கப் போகிறவருக்கு இந்த விவரம் முக்கியம். ஊரில் பாதிப் பேர் பகலில் ஊரில் இருப்பதில்லை. அதனால் கோலார் தங்கவயலின் கடைத்தெரு மாலையில்தான் கண் விழிக்கும். ஞாயிற்றுக்கிழமை நடக்க இடம் இருக்காது.

வெளிநாடு போய்வந்த நம்மவர்கள் சொல்லும் கதைகளில் பாதி, பேரக் கதைதான். இஸ்தான்புல்லின் கூரை போட்ட பழைய கடைவீதியில் கம்பளக்காரர் தேநீர் கொடுத்து உட்காரவைத்தது, கெய்ரோவின் கான் எல் கலீலியில் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்குக்குப் பித்தளை விளக்கு வாங்கியது, பாங்காக்கில் "வேண்டாம்" என்று நாலடி நடந்ததும் கடைக்காரி பின்னாலேயே கூப்பிட்டது. கேட்கச் சுவையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பேரத்தில் ஒரு பொய் உண்டு. வாங்குகிறவர் ஊர் பார்க்க வந்தவர். அந்த விளக்கு இல்லாவிட்டாலும் அவர் வீட்டில் இருட்டாகிவிடாது. விற்கிறவருக்கு அந்த முகத்தை நாளைக்குப் பார்க்க வேண்டியதில்லை. நாளைக்கும் அடுத்த மாதமும் முகம் பார்க்க வேண்டிய இருவர், உலை வைப்பதற்காகப் பேசுகிற பேரம் வேறு மாதிரி. அதைப் பார்க்கப் பாஸ்போர்ட் தேவையில்லை. குப்பம் ஊரைத் தாண்டிக் கர்நாடக எல்லைக்குள் நுழைந்தால் போதும்; போர்டெல்லாம் கன்னடத்தில் இருக்கும், காதில் விழுவது வடாற்காட்டுத் தமிழாக இருக்கும்.

இந்த மண்ணில் எழுத்தில் பதிவான முதல் பேரம் 1802-இல் நடந்தது. திப்பு விழுந்த பிறகு மைசூரைப் பங்குபோட்டு, எல்லைக் கோடு அளக்க வந்த அதிகாரி ஜான் வாரன். இந்தப் பக்கத்து மண்ணில் தங்கம் இருப்பதாக அவர் காதில் விழுந்தது. தங்கத் துகள் காட்டுகிறவர்களுக்கு வெகுமதி உண்டு என்று அறிவித்தார். ஊர்க்காரர்கள் வண்டி வண்டியாக மண்ணைக் கொண்டுவந்து, அவர் கண் முன்னாலேயே அலசிக் காட்டினார்கள். அடியில் பொட்டுப் பொட்டாக மஞ்சள். மாரிக்குப்பத்தில் ஆட்கள் குழிக்குள் இறங்கித் தாது எடுத்துவருவதையும் வாரன் பார்த்தார். அவர் எழுதிய அறிக்கை 1804-இல் அச்சாகியது. வெகுமதி வாங்கிய ஊர்க்காரர்கள் அன்று நல்ல விலை கிடைத்ததாகவே நினைத்திருப்பார்கள்.

இதே வாரன் பிற்பாடு சென்னை வானாய்வகத்தில் இருந்தவர். நம் பஞ்சாங்கக் கணக்குகளைப் பற்றிக் 'கால சங்கலிதா' என்று பெரிய புத்தகம் ஒன்றை 1825-இல் வெளியிட்டார். சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாகவே சந்திர கிரகணத்தைக் கணித்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரை அதில் வியந்து எழுதியிருக்கிறார். பிற்காலத்து அறிவியல் வரலாற்றாசிரியர்கள் அந்தக் குறிப்பைத் தேடிப் படித்தார்கள். தங்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் நம் ஊர்க்காரர்களின் கைத்திறனைக் கண்டு குறித்துவைத்த ஒரு மனிதர், ஒன்றைப் பாராட்டாகவும் இன்னொன்றைச் சொத்துத் தகவலாகவும் எழுதினார் என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அறிக்கை எழுபது வருடம் சும்மா கிடந்தது. மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் லவெல் என்ற ஐரிஷ் சிப்பாய் அதைப் படித்துவிட்டு வந்து, மைசூர் அரசிடம் தோண்டும் உரிமை வாங்கினார். அவருக்கு ஆழமாகத் தோண்டப் பணம் போதவில்லை, உரிமையைக் கைமாற்றிவிட்டார். பெங்களூரில் லவெல் ரோடு என்று காபிக்கடைகள் நிறைந்த ஒரு தெரு அவர் பேரில் இருக்கிறது. 1880-இல் லண்டனிலிருந்து ஜான் டெய்லர் கம்பெனி வந்து இறங்கிய பிறகுதான் நிஜமான சுரங்கம். மைசூர் அரண்மனைக்கு எடுத்த தங்கத்தில் நூற்றுக்கு ஐந்து உரிமைப்பங்கு. கம்பெனிக்கு மிச்சம். மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் கல் உடைத்தவனுக்குக் கூலி. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டில் எண்ணூறு டன் அளவுக்குத் தங்கம் எடுத்திருக்கிறார்கள். அதன் விலை ஒருநாளும் இங்கே பேசப்படவில்லை.

ராபர்ட்சன்பேட்டைக்கு வருவோம். சுரங்கத்தை ஒட்டிய குடியிருப்புகளில் நெரிசல் தாங்காமல் 1900களின் தொடக்கத்தில் திட்டம் போட்டு உண்டாக்கிய பேட்டை இது. மைசூரில் ரெசிடெண்டாக இருந்த ராபர்ட்சனின் பெயரை வைத்தார்கள். தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராகப் போய் ஒன்றையொன்று வெட்டுகின்றன. முதல் கிராஸ், இரண்டாவது கிராஸ் என்றுதான் வழி சொல்வார்கள். ஓடு போட்ட பழைய வீடுகளில் சில மிச்சம் இருக்கின்றன. முன்னால் மரத்தூண் வைத்த தாழ்வாரம், பக்கத்தில் செல்போன் கடை. அதை ரசிப்பதற்கென்று யாரும் இங்கே நடப்பதில்லை. பழைய பேட்டையை மெருகேற்றி நுழைவுச்சீட்டு போடும் வழக்கம் இன்னும் வரவில்லை. வராமல் இருப்பதே நல்லது என்பேன்.

பேட்டையின் நடுவில் எம்.ஜி. மார்க்கெட். மகாத்மா காந்தியைத்தான் சொல்கிறார்கள். எம்.ஜி.ஆர். என்று யாராவது நினைத்தாலும் குற்றமில்லை. 1983, 1989, 1999 தேர்தல்களில் இந்தத் தொகுதியில் ஜெயித்தது அ.தி.மு.க. கர்நாடகத்தில் இப்படி வேறொரு தொகுதியைக் காட்டுவது கஷ்டம். இடையிடையே மார்க்சிஸ்ட் கட்சியும் இந்தியக் குடியரசுக் கட்சியும் ஜெயித்திருக்கின்றன. இந்த ஊர் யார் ஊர் என்பதை இந்தப் பட்டியலே சொல்லிவிடும்.

உள்ளே நுழைந்ததும் முதலில் மூக்குக்குத்தான் வேலை. கருவாடு, கனகாம்பரம் நனைந்த ஈரத்துணி, வெற்றிலை, மிளகாய் வற்றல். குளிர்காலமென்றால் இவற்றையெல்லாம் அமுக்கிக்கொண்டு அவரைக்காய் வாசனை எழும். நம்மூரில் மொச்சை என்கிறோமே, அதன் பச்சைக் காய். பனி படிந்த காய்க்குத்தான் மணம் என்று கோலார்ப் பக்கம் முழுக்க ஒரே பேச்சு. மார்கழி, தை இரண்டு மாதமும் வீட்டுக்கு வீடு இதுதான். கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்தால் பிதுக்கம்பருப்பு. அதில் குழம்பு வைத்துக் கேழ்வரகுக் களியோடு சாப்பிடுகிற சுகத்துக்காகவே இந்தப் பக்கம் குளிரில் வரலாம்.

அவரைக் குவியலுக்குப் பின்னால் ஒரு அம்மா. எதிரே வந்து நின்ற பெண், காயில் கை வைக்காமலே ஆரம்பித்தாள்.

"இன்னா வெலக்கா?"

"எம்பது."

"அறுவது போட்டுக்கோ. ரெண்டு கிலோ எடுத்துக்கறேன்."

"எம்பதே கட்டுப்படியாவல. வண்டிச் சத்தம் இன்னா ஆவுது தெரியுமா?"

"போன வாரம் எழுவதுக்குக் குடுத்தியே."

"போன வாரம் காய் நெறைய வந்துது. இன்னிக்கி எங்க கீது, நீயே சுத்திப் பாத்துட்டு வா."

அந்தப் பெண் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. குனிந்து ஒரு காயை உரித்துக் கொட்டையை நசுக்கி முகர்ந்தாள். பேரத்தில் அதுதான் திருப்பம். காயை முகர்ந்துவிட்டால் வாங்கப் போகிறாள் என்று அர்த்தம்; விற்கிற அம்மாவின் குரல் அதன்பிறகு இறங்கிவிட்டது. எழுபத்தைந்தில் முடிந்தது. தராசுத்தட்டு சாய்ந்த பிறகும் "பாத்துப் போடுக்கா" என்று ஒரு பிடி. பிறகு கேட்காமலே ஒரு கொத்துக் கறிவேப்பிலை. மகள் பரீட்சை எப்படி எழுதினாள் என்ற விசாரணை. எல்லாம் சேர்த்து மூன்று நிமிஷம் இருக்கலாம். அந்த ஐந்து ரூபாயைக் கடைசி வரை இருவரும் விட்டுக்கொடுத்த மாதிரியும் தெரியவில்லை, பிடித்த மாதிரியும் தெரியவில்லை.

அடுத்து வந்தவர் "எஷ்டம்மா?" என்றார். அம்மா கன்னடத்துக்கு மாறினார். பின்னாலேயே இன்னொருவர் தெலுங்கில் கேட்க, அதே விலை "எனபை" ஆயிற்று. பர்தா போட்ட அம்மாள் வந்தபோது "அஸ்ஸி". எழுதப் படிக்கத் தெரியாது என்று அவரே சொன்னார். நான்கு மொழியில் விலை சொல்லவும், நான்கு மொழியில் கோபித்துக்கொள்ளவும் தெரிகிறது. ஆந்திர எல்லையும் தமிழ்நாட்டு எல்லையும் ஒரு கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊரில் இது பெரிய வித்தை இல்லை என்று நினைப்பவர், வேற்று மொழியில் ஒரு தடவை முழுப் பேரம் பேசிப் பார்க்கட்டும். எண்ணும் பழமும் வாயில் வந்துவிடும். "பாத்துப் போடுக்கா"வில் இருக்கிற உரிமைதான் வராது.

தக்காளிக் கடையில் பேரம் அதிகம் எடுபடாது. கோலாரின் மொத்தச் சந்தை நாட்டின் மிகப் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று. காலையில் அங்கே ஏலம் முடிந்த விலைதான் மாலையில் இங்கே. 2023 ஜூலையில் பதினைந்து கிலோப் பெட்டி இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டிப் போனது. தங்கம் தீர்ந்த மாவட்டத்தில் தக்காளி தங்கமானது என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்த வரத்து வந்து விலை சரிந்தால் அதே பழத்தை ரோட்டில் கொட்டுகிற விவசாயியும் இதே மாவட்டத்துக்காரர்தான்.

பூக்கடையில் முழம் கணக்கு. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. குட்டையான கைக்காரியிடம் முழம் குறையும் என்பதால், வாங்குகிறவள் தன் கையை நீட்டி "எங்கையால அளந்து குடு" என்பாள். பூக்காரி கேட்கமாட்டாள். காலையில் முதல் ஆளாகப் போய் நின்றுவிட்டால் மட்டும் ஒன்று செய்யக்கூடாது. போணி ஆகாத கடையில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்ந்தால் அன்றைய வியாபாரமே கெட்டது என்று அர்த்தம். வாங்கிய காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அந்தப் பூக்காரி கல்லாவில் போடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த நேரத்தில் பேரம் பேச வாய் வராது.

மார்க்கெட்டின் ஒரு பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா மைன்ஸில் இருபத்தேழு வருஷம் சர்வீஸ் போட்டவர். "சம்பளத்தன்னைக்கு இந்த மார்க்கெட்ட பாத்திருக்கணும் தம்பி" என்று ஆரம்பித்தார். சங்கு ஊதி ஷிப்ட் விட்டதும், கேட்டுக்கு வெளியே கடன்காரர்கள் நிற்பார்களாம். அவர்களுக்குக் கொடுத்தது போக மிச்சம் சாராயக் கடைக்கு. அதிலும் மிச்சம் இருந்தால் மார்க்கெட்டுக்கு. அதனால் வீட்டுக்காரியே கேட்டுக்கு வந்துவிடுவாள். "அவளுக்குத்தான் பேரம் தெரியும். எங்களுக்கு இன்னா தெரியும்? கம்பெனி குடுத்தத வாங்கினோம், கடக்காரன் சொன்னதக் குடுத்தோம்." புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நடுவிலேயே இருமலாக மாறியது. கல்தூசி நெஞ்சில் தங்கிய சிலிக்கோசிஸ் இந்த ஊரில் இரண்டு தலைமுறையைத் தின்றிருக்கிறது. அவருடையது வயதான இருமலா, அந்த இருமலா என்று நான் கேட்கவில்லை.

மார்க்கெட்டைச் சுற்றிய தெருக்களில் நகைக்கடையும் அடகுக்கடையும் வரிசையாக இருக்கின்றன. பூமிக்கடியிலிருந்து வந்த தங்கத்துக்கும் இந்தக் கண்ணாடிப் பெட்டித் தங்கத்துக்கும் உறவே கிடையாது. சுரங்கத் தங்கம் பாளமாக வார்க்கப்பட்டுக் காவலோடு வெளியே போனது. ஊருக்குள் விற்ற தங்கம் வெளியிலிருந்து வந்தது. தொழிலாளியின் கையில் தாதுத்தூள் கொஞ்சம் இருந்தாலும், அது எப்படி வந்தது என்று அவனே நிரூபிக்க வேண்டும் என்றது மைசூரின் சுரங்கச் சட்டம். ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவனைத் தலைமுடி வரை சோதித்து அனுப்பினார்கள். அவன் மகள் கல்யாணத்துக்கு ஒரு பவுன் தோடு வாங்க இந்தக் கடைக்கு வருவான். செய்கூலி, சேதாரம் என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பான். மறு வருஷம் அதே தோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து அடகுக்கடைக்கு வருவான். தங்கத்தை ஆயிரம் டன் கல்லிலிருந்து பிரித்தெடுத்த ஊரில், அரைப் பவுனுக்கு வட்டி கட்டிய கதை வீட்டுக்கு வீடு இருக்கிறது.

இந்த ஊர் பேரமே பேசவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. பெரிய பேரம் ஒன்று 1930-இல் நடந்தது. தொழிலாளர்கள் எல்லாருடைய விரல் ரேகையையும் பதிவு செய்ய வேண்டும் என்று கம்பெனி கிளம்பியது. ரேகை எடுப்பது குற்றவாளிக்கு. நாங்கள் என்ன திருடர்களா என்று கேட்டுச் சுரங்கத்துக்குள் இறங்க மறுத்தார்கள். பெரிய சங்கம் எதுவும் கூட்டிச் சேர்க்காத வேலைநிறுத்தம் அது. மூன்று வாரம் போலத் தாக்குப்பிடித்தது. கூலி உயர்வுக்கு முன்னால் மரியாதையைக் கேட்டு நடந்த போராட்டம் என்பதால் எனக்கு அது முக்கியமாகப்படுகிறது. வெறுங்கையோடு வந்தவர்கள் அந்த விரல்களை மட்டும் விலைபேச விடவில்லை.

வந்தவர்கள் யார் என்றால், பெரும்பாலும் வடாற்காடு, தென்னாற்காடு, சேலம் பக்கத்துத் தலித்துகள். பாலாறு நந்திமலைப் பக்கம் பிறந்து, தங்கவயலுக்கு அருகே பேத்தமங்கலம் ஏரியை நிரப்பிவிட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று கீழே போகிறது. அந்த ஆற்றங்கரையில் பண்ணையடிமையாக இருந்தவர்கள் ஆறு வந்த திசையில் ஏறி வந்தார்கள். ஊரில் மழை பொய்த்தாலும் பேத்தமங்கலத்துத் தண்ணீர் குழாயில் வந்தது. ஊரில் செருப்புப் போட்டு நடக்க முடியாத தெரு இருந்தது. இங்கே தெரு கம்பெனியுடையது. மூங்கில் தட்டியில் நாலு சுவர் நிறுத்திய குடிசைதான் வீடு, வெடி வைத்தால் நிலமே குலுங்கும், பாறை வெடித்து உள்ளே போனவன் திரும்பி வராத நாளும் உண்டு. அதையும் ஒரு பக்கம் வைத்து, ஊரையும் ஒரு பக்கம் வைத்துத் தராசில் நிறுத்துதான் இவர்கள் தங்கினார்கள்.

ஆண்டர்சன்பேட்டைப் பக்கமும் சாம்பியன் ரீஃப்ஸ் பக்கமும் நடந்தால் அந்த லைன் வீடுகளின் வரிசை இன்னமும் தெரியும். தட்டி போய்ச் செங்கல் வந்திருக்கிறது. வாசலில் ஒரு துளசி மாடம், அடுத்த வீட்டில் மேரி மாதா, அதற்கடுத்த வீட்டுக் கதவில் அம்பேத்கர் படம், உள்ளே புத்தர். இந்தப் புத்தர், அம்பேத்கர் பௌத்தம் தழுவிய 1956-க்குப் பிறகு வந்தவர் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழுக்கு இங்கிருந்து பணம் போயிருக்கிறது, இங்கே வாசகர்களும் இருந்திருக்கிறார்கள். 1914-இல் அவர் மறைந்த பிறகு, 1926-இல் ஜி. அப்பாதுரையார் அந்த இதழைத் தங்கவயலிலிருந்தே மீண்டும் கொண்டுவந்தார். சித்தார்த்தா புத்தகசாலை என்ற பதிப்பகம் அயோத்திதாசரின் நூல்களை இந்த ஊரில் அச்சடித்தது. பிற்காலத்தில் ஞான. அலாய்சியஸ் போன்றவர்கள் அவர் எழுத்துகளைத் திரட்டியபோது, தங்கவயல் வீடுகளில் பாதுகாத்து வைத்திருந்த பழைய தாள்கள் பெரிதும் கைகொடுத்தன. சம்பளத்தில் கடன்காரனுக்கும் அரிசிக்கும் போக மிஞ்சிய காசில் பத்திரிகைக்குச் சந்தா கட்டிய ஆட்கள் இவர்கள். பழைய புத்தகம் தேடுகிற வழக்கம் உள்ளவர்கள் இந்த ஊரில் அப்படியொன்று கண்ணில் பட்டால் விலை குறைத்துக் கேட்காதீர்கள்.

உரிகம் மேட்டில் வெள்ளைக்காரர்களின் பழைய குடியிருப்பு இருக்கிறது. பங்களாக்கள், கிளப், தேவாலயம், கோல்ஃப் மைதானம். குட்டி இங்கிலாந்து என்று பெயர் வைத்திருந்தார்கள். சிவசமுத்திரத்தில் காவிரி அருவியில் எடுத்த மின்சாரம் 1902-இல் நேரே இங்கேதான் வந்தது. பெங்களூருக்கே 1905-இல்தான் விளக்கு எரிந்தது. பயணக் கட்டுரைகள் இந்தப் பகுதியைப் பற்றி ஏக்கத்தோடு நிறைய எழுதிவிட்டன. நான் அதிக நேரம் நிற்கவில்லை.

தங்கம், தமிழர், பேரம் மூன்றும் சேர்ந்த இன்னொரு ஊர் உண்டு, அது கடல் கடந்து இருக்கிறது. 1886-இல் தங்கம் கண்டுபிடித்த பிறகு முளைத்த ஜோகன்னஸ்பர்க். அங்கே ஃபீட்டாஸ் என்று செல்லமாக அழைக்கப்பட்ட பழைய பகுதியில், பதினான்காம் தெரு பேரத்துக்குப் பேர்போனது. துணிக்கடைகள் அநேகமாக இந்தியர்களுடையவை. நகரத்தின் எல்லா நிறத்துக்காரர்களும் மலிவு தேடி அங்கே வருவார்கள். அதுவேதான் அரசாங்கத்துக்குப் பொறுக்கவில்லை. இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் காட்டி 1970களில் வீடுகளை இடித்தார்கள். மக்களை லெனேசியாவுக்கும், வியாபாரிகளை ஓரியண்டல் பிளாசா என்ற கட்டடத்துக்கும் தள்ளினார்கள். தில்லையாடி வள்ளியம்மை பிறந்த நகரம் அது. இன்று ஊர் சுற்ற வருகிறவர்கள் பிளாசாவில் பேரம் பேசிச் சேலை வாங்கலாம். பதினான்காம் தெருவில் பேசிய பேரம் தெருவோடு போயிற்று.

தங்கவயலை யாரும் இடிக்கவில்லை. வேலையை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களைக் கையில் எடுத்தன. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆயிற்று. தொடக்கத்தில் டன்னுக்கு நாற்பது கிராமுக்கு மேல் தங்கம் தந்த பாறை, கடைசியில் மூன்று கிராமுக்கு இறங்கியிருந்தது. எடுக்கிற செலவு விற்கிற விலையைத் தாண்டியது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடினார்கள். சுமார் மூவாயிரத்து ஐந்நூறு பேர் அன்று வீட்டுக்குப் போனார்கள். மார்க்கெட்டில் பார்த்த வெற்றிலைத் தாத்தா அந்தப் பட்டியலில் இருந்தவர். "ஒரு நோட்டீஸ் ஒட்னாங்க. அதுல பேரம் பேச இன்னா கீது?" என்றார்.

ஆனால் இப்போது ஒரு புதுப் பேரம் தொடங்கியிருக்கிறது. ஊருக்குள் எங்கே நின்றாலும் கண்ணை மறைக்கிற சாம்பல் மேடுகள், தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மண். காற்று வீசுகிற மாதங்களில் அந்தத் தூசு அடுப்படி வரைக்கும் வரும். மார்க்கெட்டில் காயைத் தண்ணீர் தெளித்துத் தெளித்து விற்பது வாடாமல் இருக்க மட்டும் இல்லை. சினிமாக்காரர்களுக்கு இந்த மேடுகள் பிடிக்கும். 'கே.ஜி.எஃப்.' படம் இங்கே எடுத்தார்கள், ரஞ்சித்தின் 'தங்கலான்' இந்த ஊர்க் கதையைச் சொன்னது. அந்த மண்ணில் இன்னும் தங்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பதின்மூன்று மேடுகள், ஆயிரம் ஏக்கர், மூன்றே கால் கோடி டன்னுக்கு மேல் மண். அதை ஏலத்தில் விட்டுத் தங்கம் எடுக்க மத்திய அரசு போட்ட திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் கொடுத்தது.

ஏலம் கேட்கிற கம்பெனிக்கு ஒரு பங்கு, அரசுகளுக்கு ஒரு பங்கு என்று கணக்கு எழுதுவார்கள். நூற்றுக்கு ஐந்து என்று அரண்மனை கையெழுத்துப் போட்டபோது எழுதாமல் விட்ட வரி ஒன்று உண்டு. லைன் வீடுகளில் இருக்கிறவர்களின் குடியிருப்பு உரிமை, மூடிய நாளிலிருந்து இழுபறியாக இருக்கிற பாக்கிகள், கிளறப்போகும் தூசியிலிருந்து ஊருக்குப் பாதுகாப்பு, வேலையில் முன்னுரிமை. இந்த வரியை ஏல நிபந்தனையில் முதலில் எழுதிவிட்டுப் பிறகு விலையைப் பேசட்டும். மண்ணைக் கொட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறப் போய்விடுகிறார்கள். கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்பதென்றால் ஞாயிற்றுக்கிழமை கேளுங்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பங்காரப்பேட்டையில் இறங்கி மாரிக்குப்பம் வண்டி பிடிக்கலாம். வண்டி வரும்வரை நேரம் இருந்தால் அந்த ஊர்ப் பானிபூரியைச் சாப்பிடுங்கள். தண்ணீர் பார்க்கப் பச்சைத்தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருக்கும், தொண்டைக்குப் போனால்தான் மிளகாய் தெரியும். மூடிய சுரங்க வளாகங்களுக்குள் அனுமதியில்லாமல் விடமாட்டார்கள், சயனைடு மேட்டில் ஏறிப் படம் பிடிப்பதும் உடம்புக்கு நல்லதல்ல. மார்க்கெட்டுக்கு மாலையில் போங்கள், துணிப்பை கொண்டுபோங்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். அவரைக்காய் பொங்கல் கழிந்த சில வாரத்தில் முடிந்துவிடும்.